நத்தைக்கு மெட்டாரைசியம்: விளையில் போட்டுப் பார்த்தது

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பரும் ஏத்தன் வாழையும் அடுத்தடுத்து நிற்கிற விளை (தோட்டம்) எங்களுடையது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் இங்கே உண்டு, ஆப்பிரிக்க நத்தைக்கும் வருஷத்தில் இரண்டு கொண்டாட்டம். வாழைக்கன்றின் குருத்தை அரிக்கும், சிரட்டையில் ஏறி ரப்பர் பாலைக் குடிக்கும்.

தென்னையில் காண்டாமிருக வண்டுக்காக எருக்குழியில் மெட்டாரைசியம் என்ற, பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணத்தைப் போடுவது நமக்குத் தெரிந்ததுதான். அதே பூஞ்சாணத்தைச் சில மழைக்காலங்களாக நத்தைக்கும் போட்டு வருகிறேன். பாக்கெட்டில் நத்தை என்று எழுதியிருக்காது. ஆய்வகத்தில் நன்னீர் நத்தைகளின் முட்டையை இது கெடுத்திருக்கிறது, அந்தத் தைரியம்தான்.

வளர்ந்த நத்தை சாகும் என்று நினைத்தால் வாங்கவே வேண்டாம். மேலே தெளித்தால் வழவழவென்று கோழையைக் கக்கிவிட்டு ஓட்டுக்குள் போய்விடும். மறுநாள் அதே வாழையில் இருக்கும். என் குறி முட்டைதான். ஒரே ஈட்டில் 100, 200 என்று இடும். வாழைமூட்டில், கல்லடுக்கில், மக்கும் குப்பையில் ஈரமண்ணைக் கிளறினால் மஞ்சள் கலந்த வெள்ளை மணிகள் கிடைக்கும். மக்கிய சாணத்தில் பொடியைக் கலந்து, நனைந்த சாக்கால் மூடி, ஒரு வாரத்துக்கு மேல் நிழலில் வைத்து, மழை தொடங்கியதும் அந்த இடங்களில் சாயங்காலம் போடுகிறேன். வெயில் பட்டால் பூஞ்சாணத்தின் வித்துகள் செத்துப்போகும்.

பச்சைத்தூள் படிந்து சுருங்கிய முட்டைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் செத்த முட்டையில் பிறகு பிடித்த பூசணமாகவும் இருக்கலாமே! பக்கத்திலேயே பொரித்த குவியலும் இருந்தது. குஞ்சுகள் முன்னைவிடக் குறைவு என்பது என் கண்ணளவுதான், அதில் கையால் பொறுக்கியதன் பங்கே பெரிது. ராத்திரி டார்ச்சோடு, கட்டாயம் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். எலியின் நுரையீரல் புழுவை இந்த நத்தை சுமக்கும், அது மனிதனுக்கு மூளைச்சவ்வு அழற்சி வரை கொண்டுவிடும்.

ரப்பர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது, மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. மரத்தில் பூசினால் நத்தை ஏறத் தயங்கும், நல்லதுதான். ஆனால் அதிலுள்ள தாமிரம் பூஞ்சாணத்துக்கு எமன். புகையிலைக் கஷாயத்தோடு மயில்துத்தம் கலந்து அடிப்பவர்களுக்கும் இதே சிக்கல். நான் மரத்தில் போர்டோ, வாழைமூட்டில் பூஞ்சாணம் என்று பிரித்துவிட்டேன்.

மெட்டால்டிஹைடு என்ற ரசாயனக் குருணை நத்தையை வேகமாகக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் அது நாய்க்கும் விஷம், வீட்டில் நாய் இருப்பதால் அதைத் தொடுவதில்லை.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். கடையில் வெக்கையில் கிடந்த பழைய பாக்கெட் என்றால் சாணத்தில் பூஞ்சாணத்தின் வெள்ளை நூல்கூடப் பிடிக்காது.