அலுவலக மெயில் எழுத ஏஐ: எதை நம்பி எடுக்கலாம்?

கூகுளின் ஜெமினி, மைக்ரோசாஃப்டின் கோபைலட், சாட்ஜிபிடி, கிராமர்லி ஆகிய நான்கு ஏஐ கருவிகளுமே இலக்கணப் பிழையில்லாமல் மெயில் எழுதித் தரும். அதனால் ‘எது நன்றாக எழுதுகிறது’ என்ற கேள்வியை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. நீங்கள் சொல்லாத எதையாவது உங்கள் பெயரில் சொல்லிவிடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு மெயில் போதும். வாடிக்கையாளர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: 40 நாற்காலி வந்தது, 6 உடைந்திருக்கிறது, 14-ம் தேதிக்குள் மாற்றித் தர முடியுமா, வண்டி வாடகை யார் தருவது? கருவியிடம் ‘ஆறையும் மாற்றித் தருகிறோம் என்று பதில் எழுது’ என்று மட்டும் சொல்லுங்கள். மோசமான வரைவு, 14-ம் தேதிக்குள் வந்துவிடும் என்று உறுதி கொடுக்கும். ‘கூடுதல் செலவின்றி’ என்றும் சேர்த்துவிடும். புகாருக்கு வழக்கமாகப் போகும் பதில்களின் போக்கில்தான் ஏஐ எழுதுகிறது. மன்னிப்பும் வாக்குறுதியும் அந்தப் போக்கிலேயே வந்துவிடுகின்றன. வாடகையைப் பற்றி மூச்சே விடாமல் நழுவும் வரைவும் தேறாது. தேதி, வாடகை இரண்டையும் நீங்கள் நிரப்பும்படி காலியாக விடுவதே நல்ல வரைவு.

கட்டளையைத் திருத்தினால் எல்லாக் கருவியும் ஓரளவு வழிக்கு வரும். யாருக்கு எழுதுகிறோம், என்ன முடிவாகியிருக்கிறது, என்ன முடிவாகவில்லை, எத்தனை வரி என நான்கையும் கொடுங்கள். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘தேதியும் வாடகையும் முடிவாகவில்லை, அந்த இடங்களைக் காலியாக விடு, 5 வரிக்குள் முடி’ என்று எழுதினால் ‘நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்’ வகை முன்னுரையும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

அலுவலக மெயில் ஜிமெயிலில் என்றால் ஜெமினியின் ‘ஹெல்ப் மீ ரைட்’, அவுட்லுக்கில் என்றால் கோபைலட். வெட்டி ஒட்டும் வேலை இல்லை, பழைய மெயில் தொடரையும் அதுவே படித்துக்கொள்ளும். கோபைலட்டில் வரைவு எழுதும் வசதியைவிட ‘கோச்சிங்’ எனக்கு மதிப்பாகப் படுகிறது. நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு தொனி கடுமையா, எங்கே குழப்பம் என்று சொல்லும். ஆனால் சுமார் 100 எழுத்தாவது எழுதியிருக்க வேண்டும். கிராமர்லியின் பலமும் இந்தத் திருத்தும் வேலைதான். உங்கள் வாக்கியத்திலிருந்து தொடங்குவதால் இல்லாததைச் சேர்க்கும் ஆபத்து குறைவு. தினமும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, தொனியில் மட்டும் தயங்குகிறவர்களுக்கு அதுவே போதும். சாட்ஜிபிடியில் விஷயத்தைத் தமிழில் கொட்டி ஆங்கில மெயில் கேட்கலாம், நன்றாகவே வரும். ஆனால் மெயில் கணக்கை அதனுடன் இணைக்காவிட்டால் தொடரை நீங்களே ஒட்ட வேண்டும். ஒட்டும்போது வாடிக்கையாளர் பெயர், கணக்கு எண், தொலைபேசி எண்ணை எடுத்துவிடுங்கள். தனிநபர் கணக்கில் உங்கள் உரையாடல்களை ஏஐக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தும் செட்டிங் இருக்கும். அதை அணைத்த பிறகே அலுவலக வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாம் தரப்பு நீட்டிப்புகளில்தான், அதாவது வேறு நிறுவனங்கள் தரும், மெயிலோடு நாம் சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவிகளில்தான் (எக்ஸ்டென்ஷன்) அதிக கவனம் வேண்டும். நிறுவும்போது வரும் அனுமதித் திரையை முழுதாகப் படியுங்கள். வரைவு எழுதித் தரும் கருவி ‘எல்லா மெயிலையும் படிக்க, அனுப்ப, நிரந்தரமாக நீக்க’ அனுமதி கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். அந்த வேலைக்கு நீக்கும் உரிமை எதற்கு? தானாகவே பதில் அனுப்பும் வசதி எந்தக் கருவியில் இருந்தாலும் அணைத்து வையுங்கள். வந்த மெயிலுக்குள்ளேயே ஏஐக்கான மறைமுகக் கட்டளையை ஒளித்து வைக்க முடியும். 2025 ஜூனில் வெளியான ‘எக்கோலீக்’ குறைபாடு அந்த வகைதான். பயனர் எதையும் க்ளிக் செய்யாமலேயே கோபைலட் வழியாகத் தகவல் வெளியேற வாய்ப்பிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் வெளியாள் எழுதியதைப் படித்துச் செயல்படும் எந்தக் கருவிக்கும் இந்த வகை ஆபத்து உண்டு.

பிடிக்காமல் போனால் நீட்டிப்பை மட்டும் அழித்தால் போதாது. கூகுள் கணக்கில் மூன்றாம் தரப்பு இணைப்புகள் பக்கத்துக்குப் போய் அனுமதியையும் நீக்குங்கள். அதுவரை அந்தச் சேவையால் உங்கள் மெயிலைத் தொட முடியும்.