கடலூர் நகராட்சியா, புதுச்சேரி கொம்யூனா?

உள்ளூர் சுயாட்சி முதலில் வந்தது ஆங்கிலேயரிடம் இருந்த கடலூருக்குத்தான். 1866-லேயே அங்கே நகராட்சி. பிரெஞ்சுக்காரரிடம் இருந்த புதுச்சேரிக்கு 1880 மார்ச் 12-ஆம் தேதி ஆணைப்படிதான் கொம்யூன், அதாவது பிரெஞ்சு முறை உள்ளாட்சி, வந்தது. ஆனால் தேதியை மட்டும் வைத்துக் கடலூருக்கு மாலை போட முடியாது.

1865 நகராட்சிச் சட்டப்படி அமைந்த கடலூர் மன்றத்துக்குக் கலெக்டரே தலைவர். உறுப்பினர்களையும் அரசே நியமித்தது. ஊரார் பங்கு? வரி கட்டுவது. வீட்டு வரி, தொழில் வரி, வண்டி வரி, சுங்கம். அந்தப் பணத்தில் போலீஸ் செலவுக்கும் ஒரு பகுதி போனது! 1857 கலகத்துக்குப் பிறகு கஜானா கையைக் கடித்தது. பாரத்தை ஊர்கள் தலையில் இறக்கினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 1882-ல் வைஸ்ராய் ரிப்பனின் உள்ளாட்சித் தீர்மானம், 1884-ல் புதுச் சட்டம், அப்புறம்தான் தேர்தலுக்குச் சரியான இடம் கிடைத்தது. அதுவும் வரி கட்டுகிறவருக்கு மட்டும். கடலூரின் மஞ்சக்குப்பத்து வக்கீலுக்கு ஓட்டு உண்டு, அதே ஊரின் முதுநகர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்குக் கிடையாது.

பெண்ணையாற்றைத் தாண்டினால் பாகூர். பிரெஞ்சு இந்தியாவில் முதலில் அமைந்த 10 கொம்யூன்களில் அதுவும் ஒன்று. (1907-ல் மொத்தம் 17 ஆயின.) அங்கே ஏர் பிடித்தவருக்கும் ஓட்டு இருந்தது, ஆணாக இருந்தால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரருக்குத் தனி வாக்காளர் பட்டியல் வைத்து, அவர்கள் தலைக்கணக்குக்குச் சம்பந்தமே இல்லாமல் இடங்களைக் கொடுத்தார்கள். மன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் கவர்னரிடம். தேர்தல் நாளில் தடியும் கள்ள ஓட்டும் சர்வசாதாரணம். யாரிடம் ஆள்பலமோ அவருக்கே பெட்டி. அந்த ஓட்டு அந்த ஏழையின் கைக்கு எத்தனை முறை நிஜமாக வந்திருக்கும்?

வாய்க்கால், விளக்கு, தெருக்கூட்டல் என்று பார்த்தால் நான் கடலூர் பக்கம்தான். காசு கொடுத்தவன் கணக்குக் கேட்பான், மன்றம் மெதுவாகவாவது வேலை பழகும்.

அரசியல் என்று வந்தால் கதையே வேறு. 1954 மார்ச்சில் புதுச்சேரியைச் சுற்றியிருந்த கொம்யூன்களின் மேயர்களும் உறுப்பினர்களும், பொது வாக்கெடுப்பே வேண்டாம், இந்தியாவோடு சேருகிறோம் என்று தீர்மானம் போட்டார்கள். அக்டோபர் 18-ல் புதுச்சேரிப் பகுதியின் கீழூர் கிராமத்தில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். பிரெஞ்சு இந்தியப் பிரதிநிதி சபை உறுப்பினர்களோடு நகராட்சி உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. பிரெஞ்சுக்காரன் வைத்த மன்றமே பிரெஞ்சு ஆட்சிக்குக் கணக்கு முடித்தது. கடலூர் நகராட்சிக்கு அப்படியொரு கனம் எந்தக் காலத்திலும் வாய்க்கவில்லை.

இதில் வேடிக்கை, பின்னால் புதுச்சேரியில்தான் உள்ளாட்சித் தேர்தல் அரிதாகிப்போனது. 1968-ல் நடந்தது, அடுத்தது 2006-ல். 2011-ல் அந்தப் பதவிக்காலமும் முடிந்து நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போனது. மாநகராட்சியாகிவிட்ட கடலூர் 2022-ல் 45 வார்டுகளுக்கு ஓட்டுப் போட்டது.