இராமநாதபுரத்துக்குக் கிழக்கே மனை வாங்குவோர் கவனத்திற்கு

வளைகுடாவில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில், 2021ஆம் ஆண்டு, இராமேசுவரம் செல்லும் சாலையை ஒட்டி ஆறு சென்ட் மனை ஒன்றை வாங்கினேன். இன்றுவரை அதில் ஒரு செங்கல்கூட வைக்க முடியவில்லை. அந்தப் பக்கம் மனை தேடுகிறவர்கள் அறிந்துகொள்வதற்காக, நான் ஏமாந்த விதத்தை எழுதுகிறேன்.

தரகர் பேச்சைத் தொடங்கியதே இராமநாதபுரத்தை ஒட்டிய பட்டணம்காத்தானின் கதையிலிருந்துதான். அதில் பொய் ஏதும் இல்லை. 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரியும்வரை நம் மாவட்டத்து ஆட்சியர் அலுவலகம் மதுரையில்தான் இருந்தது. ஒரு மனு கொடுப்பதற்கும் மதுரைக்குப் பேருந்து ஏறியவர் என் அப்பா. பின்னர் ஆட்சியர் அலுவலக வளாகம் பட்டணம்காத்தானில் அமைந்தது, 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டது, பனையும் சீமைக்கருவையும் மானாவாரி வயலுமாகக் கிடந்த ஊராட்சி கடைகளும் குடியிருப்புகளும் நெருங்கிய புறநகராக மாறிவிட்டது. "பட்டணம்காத்தான் அன்னைக்கு இருந்த மாதிரி இந்த இடம் இன்னைக்கு இருக்குண்ணே" என்றார் அவர். ஊர் வளர்ந்த கதையில் மயங்கி, காலடியில் இருந்த நிலத்தின் கதையைக் கேட்காமல் விட்டேன்.

அங்கீகாரம் உண்டா என்று கேட்டதற்கு, ஊராட்சியின் முத்திரை குத்திய வரைபடத்தைக் காட்டி, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்றார்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாத மனைப்பிரிவுக்கு அந்த முத்திரையால் பயனில்லை என்பது எனக்குத் தெரியாது. பத்திரப்பதிவே நடந்துவிட்டதே என்று நம்பியதுதான் பெரிய பிழை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதைப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடுக்கிறது, ஆனால் 20.10.2016க்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவான இடத்தை மறுபடி விற்கலாம். என் மனையை விற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன்பே அதைத் தங்களுக்குள் ஒருவர் பெயருக்கு எழுதி வைத்திருந்தார்கள். பதிவு சுலபமாக முடிந்தது. கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்தபோதோ, மனை வரன்முறைப்படுத்தப்படவில்லை, அதாவது அங்கீகாரமற்ற மனையாகவே இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள்.

கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஐப்பசியில் நல்ல மழை. போய்ப் பார்த்தால் மனையில் முழங்கால் அளவுத் தண்ணீர். அது தேங்கியும் நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர், "கம்மாய்க்கு வர்ற வரத்துக்கால்ல கல்லு ஊண்டியிருக்கீகளே தம்பி" என்றார். கண்மாய்க்கு, அதாவது ஏரிக்கு, மழைநீரைக் கொண்டுவரும் கால்வாய்தான் வரத்துக்கால். வைகையே வந்து கண்மாயில் முடிகிற சீமை இது. ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக வழிந்தால்தான் அடுத்த கண்மாய்க்கு நீர் சேரும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால், கருவையை வெட்டிச் செம்மண் பரப்பிவிட்டால் வரத்துக்கால் எது, வயல் எது என்று வெளியூரில் இருந்து வருகிறவனுக்குத் தெரியாது. உள்ளூர்க்காரனான எனக்கே தெரியவில்லை என்பதுதான் வெட்கம்.

அதன் பிறகே நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும், ஒவ்வொரு நிலமும் எந்த வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். மனையில் ஏறத்தாழ பாதி, 'ஓடை' என்று குறிக்கப்பட்ட அரசுப் புறம்போக்கில் விழுகிறது. 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகளின்படி நீர்வழியில் உள்ள மனையை வரன்முறைப்படுத்த வழியே இல்லை. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் ஒரு குறையும் இல்லை. பதிவான ஆவணங்களை மட்டும் காட்டும் அந்தச் சான்றில் ஓடை எப்படித் தெரியும்?

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், தாய்ப் புல எண்ணை, அதாவது மனைகளாகப் பிரிப்பதற்கு முன் அந்த நிலத்துக்கு இருந்த சர்வே எண்ணை, கேட்டு வாங்குங்கள். வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் பட்டாவையும் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் எடுத்து, தரகர் தரும் வரைபடத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். நகர் ஊரமைப்பு ஒப்புதல் எண்ணை அந்த அலுவலகத்திலேயே விசாரியுங்கள். கூலி கொடுத்தாவது ஒரு சர்வேயரை அழைத்து அளந்துவிடுங்கள். கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள்.

காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நகரவில்லை. சென்ற மாதம் அதே ஓடையின் மறுகரையில் கருவையை வெட்டி, புதிதாகச் செம்மண் அடித்துக்கொண்டிருந்தார்கள்.