கண் ஒபரேஷனுக்கு முன்னால் லென்ஸைப் பற்றிக் கேளுங்கள்

ஹட்டன், நுவரெலியா பக்கம் கண்புரை ஒபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் என்னைப் போல வயசான காலத்தில் கெமராவும் கையுமாகத் திரிகிறவர்கள் அவசியம் வாசியுங்கள்.

நான் போனது ஒரு தனியார் கண் கிளினிக். டொக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, புரை முற்றிவிட்டது, எடுத்துவிடலாம் என்றார். அதோடு சரி. புரையை எடுத்த இடத்தில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸைப் பற்றிப் பேசியது கவுண்டரில் இருந்த பிள்ளைதான். "அங்கிள், மல்டிஃபோகல் போடுங்க. கிட்டவும் தெரியும், தூரமும் தெரியும், கண்ணாடியே தேவைப்படாது." விலை சாதாரண லென்ஸைப் போல மூன்று மடங்கு. நான் படம் பிடிக்கிறவன், வலது கண்ணால்தான் வியூஃபைண்டரில் பார்ப்பேன், அதற்கு இது ஒத்துவருமா என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் நல்லா இருக்கும் அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே பில் அடித்தாள்.

ஒபரேஷனில் குறை சொல்ல எதுவும் இல்லை. கட்டைப் பிரித்ததும் சுவரின் வெள்ளை உண்மையிலேயே வெள்ளையாகத் தெரிந்தது. இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் வெறும் தேத்தண்ணி நிறம். இத்தனை காலம் இந்தக் கண்ணை நம்பித்தானா படங்களுக்கு நிறம் திருத்தினேன் என்று சிரிப்பு வந்தது.

பிரச்சினை வெளியே இறங்கிய பிறகுதான். மல்டிஃபோகல் லென்ஸ் உள்ளே வரும் வெளிச்சத்தைக் கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் பங்கு போடுகிறது. அதனால் கொன்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் தெரிகிற வித்தியாசம், குறையும்; இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். நம் ஊரில் படம் என்றாலே பாதி மூடுபனிதானே? காலையில் தேயிலை மலையில் பனி ஏறும்போது முன்வரிசை எது, பின்வரிசை எது என்று பிரித்தறியவே முடியவில்லை. வியூஃபைண்டரை நம் கண் பவருக்கு ஏற்றபடி சரிசெய்கிற டயொப்டர் சில்லைத் திருகினால் கூர்மை வருகிறது, ஆனால் இந்த மங்கல் அப்படியேதான் இருக்கிறது. மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போனேன். ஒவ்வொரு பல்பைச் சுற்றியும் வட்டம் வட்டமாக வளையம். அம்மன் முகத்துக்கு ஃபோகஸ் வைக்க முடியாமல் கெமராவைப் பையில் போட்டுக்கொண்டேன்.

லென்ஸே கெட்டது என்று சொல்ல மாட்டேன். பேப்பர் வாசிக்க, போன் பார்க்க வசதிதான், நிறையப் பேருக்குப் பழகியும் போகிறது. இந்த வளையத்தையும் மங்கலையும் முன்கூட்டியே சொல்லாமல் காசு வாங்கியதுதான் அநியாயம். திரும்பப் போய்க் கேட்டதற்கு "போகப் போகச் சரியாகிடும்" என்றார்கள். சரி, எந்த லென்ஸ், என்ன பவர் என்றாவது சொல்லுங்கள் என்றேன். லென்ஸ் பெட்டியிலேயே அதெல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும், அதை அட்டையில் ஒட்டி நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். என் அட்டையில் திகதியும் கையெழுத்தும் மட்டுமே. வைத்த லென்ஸை மாற்றுவது முதல் ஒபரேஷனைவிடச் சிக்கல், நாளாக நாளாக இன்னும் கஷ்டம்.

ஆகவே எந்தக் கண்ணால் கெமராவில் பார்க்கிறீர்கள், இரவில் படம் பிடிப்பீர்களா என்பதையெல்லாம் கவுண்டரில் அல்ல, டொக்டரிடமே சொல்லுங்கள். ஒரே தூரத்துக்கு மட்டும் கூர்மை தரும் ஒற்றைக் குவிய லென்ஸ், அதாவது அந்தச் சாதாரண லென்ஸ், தூரப் பார்வைக்குப் போட்டால் வாசிக்கக் கண்ணாடி வேண்டிவரும், அவ்வளவுதான். ஸ்டிக்கர் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஒபரேஷன் இலவசம், காத்திருக்கத்தான் வேண்டும். இடது கண்ணுக்கு நான் கண்டி ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டேன்.

தனியார் ஆஸ்பத்திரிகளைக் கண்காணிக்க 2006-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரு சபை இருக்கிறது. பில்லையும் அந்த வெற்று அட்டையையும் பிரதி எடுத்து அங்கே முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். ஸ்டிக்கர் இல்லாத அட்டை வேறு யாரிடமாவது இருந்தால் நீங்களும் அனுப்புங்கள்.