ரைபெல்சஸ் முதல் மௌன்ஜாரோ வரை: என் கணையமும் நானும்

சர்க்கரை நோய்க்கான ரைபெல்சஸ் மாத்திரை 2022இல் இந்தியாவுக்கு வந்தபோதே எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுகரும் தொப்பையும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. காலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் காத்திருக்க வேண்டும். 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ வந்த பிறகு வார ஊசிக்கு மாறினேன். முதலில் குப்பியில்தான் கிடைத்தது. இன்சுலின் சிரிஞ்சில் 50 கோடு வரை, அதாவது அரை மில்லி, உறிஞ்சி எடுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளிப் போட்டுக்கொள்வேன்.

எடை குறைந்தது, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியும் இறங்கியது. அதை எல்லாரும் எழுதுகிறார்கள். என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது வேறு: "கணையம் போயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?"

சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக் கணையத்துக்குத் தகவல் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. இயற்கையான ஹார்மோன் ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்யும் இந்த மருந்துகள் நாள்கணக்கில் நிற்கும். மௌன்ஜாரோ இதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. எனக்கு நிம்மதி தந்த விஷயம், ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போதுதான் இது இன்சுலினைத் தூண்டும் என்பது. முன்பு சாப்பிட்ட கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை அப்படியில்லை. சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தார்க்குச்சியால் குத்துவது போலக் கணையத்தை விரட்டும். மதியச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கும். இப்போது அந்த நடுக்கம் இல்லை.

அப்புறம் லைபேஸ், கணையம் சுரக்கும் செரிமான நொதி. ஒரு ரத்தப் பரிசோதனையில் அது இயல்பு அளவைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. வீட்டில் எல்லாரும் பயந்துவிட்டார்கள். டாக்டர் பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, "வயித்துல வலி இருக்கா சார்?" என்றுதான் கேட்டார். இந்த மருந்துகள் எடுக்கும் பலருக்கு லைபேஸ் லேசாக ஏறுவது உண்டாம். லைபேஸை வைத்துக் கணைய அழற்சி, அதாவது கணைய வீக்கம், என்று சொல்ல, அது இயல்பின் உச்ச வரம்பைப் போல மூன்று மடங்காவது ஏற வேண்டும், கூடவே அதற்கே உரிய வலியோ ஸ்கேனில் வீக்கமோ இருக்க வேண்டும். எனக்கு எதுவும் இல்லை.

அவர் அதிகம் பார்த்தது பித்தப்பையைத்தான். வேகமாக எடை குறைந்தால் பித்தநீரில் கொழுப்பு கூடிக் கல் உண்டாகலாம். அந்தக் கல் நழுவிக் குழாயை அடைத்தால் அடி விழுவது கணையத்துக்கு. இதே குடும்பத்து மருந்தான லிராகுளூடைடை 9,340 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்த லீடர் ஆய்வு 2016இல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 18 பேருக்கும், மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 23 பேருக்கும் கணைய அழற்சி வந்திருந்தது. பித்தப்பைத் தொல்லை மட்டும் மருந்துப் பக்கம் தெளிவாகவே கூடுதல். என் ஸ்கேனிலும் பித்தப்பையில் சேறு மாதிரி படிந்திருந்தது. டோஸை ஏற்றாமல் நிறுத்திவைத்து, அதைக் கரைக்க உர்சோடியாக்ஸிகோலிக் மாத்திரை சேர்த்தார்.

அதற்காகக் கணைய பயமே வீண் என்று சொல்ல மாட்டேன். மருந்தின் எச்சரிக்கைச் சீட்டிலேயே கணைய அழற்சி இருக்கிறது. யாருக்கு வருகிறது, மரபணுவில் காரணம் இருக்கிறதா என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜூனில் ஓர் ஆய்வே தொடங்கியது. ஊசி போட்ட மறுநாள் வரும் குமட்டல், புளித்த ஏப்பம் எல்லாம் வேறு. மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரை ஊடுருவி, விடாமல் வலித்து, வாந்தியும் சேர்ந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் உட்காரக் கூடாது. போட்ட மருந்தில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து நாள் ஆகும்.

எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில். என் அத்தை மகனுக்குக் குடிப் பழக்கம் உண்டு, ரத்தக் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. கணைய அழற்சியில் ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவன். எடை குறைக்கும் கிளினிக் ஒன்றில் இதில் எதையுமே கேட்காமல் ஊசிக்குப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே கணைய அழற்சி வந்தவருக்கு இந்த மருந்தே வேண்டாம் என்று எத்தனையோ டாக்டர்கள் ஒதுக்கிவிடுவார்கள். குறைந்தபட்சம் அந்தக் கேள்வியையாவது கேட்டிருக்க வேண்டாமா? அவனைப் பிடித்து என் டாக்டரிடம் கூட்டிப் போனேன். முதலில் குடியை நிறுத்து, டிரைகிளிசரைடை இறக்கு, ஊசிப் பேச்சே இப்போது வேண்டாம் என்றுவிட்டார்.

நான் 5 மில்லிகிராமிலேயே நிற்கிறேன். அடுத்த ஸ்கேனில் பித்தப்பை தெளிவாக இருந்தால் 7.5க்குப் போவது பற்றிப் பேசலாம் என்கிறார். பசி அடங்கியே இருப்பதால் எனக்கு ஒன்றும் அவசரமில்லை.