முடி கொட்டுகிறது, யாரிடம் கேட்பது? முடிதிருத்தகம் முதல் தோல் மருத்துவர் வரை

ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்தால் உள்பஞ்சில் ஐந்தாறு முடி ஒட்டிக்கொண்டிருக்கும். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பைக்கில் போய்வருகிறவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அக்கா மகளின் பிறந்தநாளன்று யாரோ மாடிப்படியில் நின்று எடுத்த படம்தான் உறக்கத்தைக் கெடுத்தது. கேக்கைச் சுற்றி நின்ற தலைகளில் ஒன்றின் உச்சியில் தோல் பளிச்சென்று தெரிந்தது. யாரப்பா இது என்று பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டை என்னுடையது.

அதன் பிறகு நான்கு மாதம் கேட்டு அலைந்தேன். முடி வெட்டும் அண்ணாச்சி, எண்ணெய் காய்ச்சும் வைத்தியர், கைபேசியில் வந்து விழும் காணொளிகள், முடி நடும் கிளினிக், கடைசியில் தோல் மருத்துவர். நான் யார் பக்கம் சாய்ந்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தோல் மருத்துவர் பக்கம், அவர் எழுதித் தந்த மருந்தின் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தின் பக்கம். மற்றவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்பதால் அல்ல. எல்லோரிடமும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “ஆரம்பித்துவிட்டு நிறுத்தினால் என்ன ஆகும்?”

அண்ணாச்சியை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் உச்சந்தலையை மாதாமாதம் பார்க்கிற ஒரே மனிதர் அவர்தான். பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டி, “மக்களே, போன ஓணத்துக்கு இந்த இடத்தில் சீப்பு நின்றது, இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது” என்றார். இதைவிடத் துல்லியமான அளவீடு எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. மருந்து பற்றிக் கேட்டபோது, “அது எனக்குத் தெரியாது” என்று கத்திரிக்கோலை எடுத்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நம்பலாம்.

துபாயில் வேலை பார்க்கும் அத்தான் தண்ணீரைக் குற்றம் சொன்னார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. “அந்தத் தண்ணீரில் குளித்தால் முடி நிற்காது” என்பது விமான நிலையத்திலேயே கையில் கொடுத்தனுப்பப்படும் அறிவுரை. கடினமான தண்ணீரால் முடி வறளலாம், முறியலாம். ஆனால் ஆண்களுக்கு உச்சியும் நெற்றி ஓரமும் மட்டும் தேய்ந்துகொண்டே போவது வேறு கதை. டிஎச்டி என்ற ஆண் ஹார்மோனால் எளிதில் பாதிக்கப்படும் வேர்ப்பைகள் சுருங்கிச் சுருங்கி, தடித்த முடிக்குப் பதில் பூனை முடியைத் தள்ளுகின்றன. தண்ணீர்தான் காரணம் என்றால் பிடரியும் சேர்ந்து போயிருக்க வேண்டும். அத்தானுக்குப் பிடரியில் காடு.

காணொளிகளைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. சின்ன வெங்காயச் சாறு, அரிசி கழுவிய தண்ணீர், 15 நாளில் அடர்த்தி. புழுவெட்டு விழுந்த இடத்தில் வெங்காயம் தேய்த்து முடி வந்தது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. சின்ன அளவிலான புழுவெட்டு பலருக்கு ஒன்றும் செய்யாமலேயே சில மாதங்களில் முளைத்துவிடும். வெங்காயத்துக்குப் பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ‘ஜே’ அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. வழுக்கை அதில் இருக்கிறது. ஆகவே ‘வழுக்கைக்கு நிரந்தரத் தீர்வு’ என்று சொல்லி மருந்து விற்பவரைக் கண்டால், மருந்தைப் பற்றி யோசிக்கும் முன் ஆளைப் பற்றி யோசிக்கலாம்.

வைத்தியர் விஷயத்தில் எனக்கு மனம் கொஞ்சம் இளகும். அம்மா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீலிபிருங்காதி எண்ணெய்தான் தேய்த்துவிடுவாள்; அவுரியும் கரிசலாங்கண்ணியும் சேர்ந்து கொதிக்கிற அந்த மணம் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையின் மணம். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிற மாவட்டம் இது. எண்ணெயை யாரும் இங்கே இளக்காரமாகப் பேசுவதில்லை. குழித்துறைப் பக்கம் நான் பார்த்த வைத்தியர் வயதானவர். தலையை ஒரு முறை தடவிவிட்டு, “எண்ணெய் இருக்கிற முடியைப் பார்த்துக்கொள்ளும். மொட்டையான இடத்தில் முளைக்க வைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்” என்றார். நிறுத்தினால்? “ஒன்றும் ஆகாது, முடி வறளும்.” நேர்மையான பதில். இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம், எனக்கு வேண்டியது அங்கே இல்லை என்று.

கிளினிக் வேறு ரகம். ஊர் பெயர் வேண்டாம். ‘ஆலோசனை இலவசம்’ என்று போட்டிருந்தது. வெள்ளைக் கோட்டு அணிந்த ஓர் இளைஞர் என் தலையைக் கேமராவில் பெரிதாக்கித் திரையில் காட்டினார். எந்தத் தலையும் அத்தனை பெரிதாக்கினால் பாலைவனம்தான். 2,500 வேர்கள் நட வேண்டும் என்றார். மாலைக்குள் முன்பணம் கட்டினால் பாதி விலை. நிறுத்தினால் என்ன ஆகும் என்ற என் கேள்விக்கு, “நட்ட முடி நிரந்தரம் சார்” என்றார். அது பாதி உண்மை. பிடரியிலிருந்து எடுத்து நட்ட முடி பெரும்பாலும் நிற்கும். சுற்றியிருக்கும் பழைய முடி தன் பாட்டுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும். அதைக் காப்பாற்ற மருந்து தொடர வேண்டும், இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் நட்டது ஒரு தீவாக நிற்கும். பிடரியில் எடுக்கக்கூடிய வேர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. இது எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. பிறகு நானே படித்தது. அவருடைய மருத்துவப் பதிவு எண்ணைக் கேட்டேன். தான் ‘ட்ரைக்காலஜிஸ்ட்’, அதாவது முடி நிபுணர், என்றார். அது மருத்துவப் பட்டம் அல்ல. யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் வேடிக்கை பார்த்தோ முடி நடக் கற்றுக்கொள்ள முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் எழுத்தில் சொல்ல வேண்டி வந்தது என்றால் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல அறுவை மருத்துவர்களிடம் நட்டுக்கொண்டு திருப்தியாக இருப்பவர்களும் உண்டு. நான் நட்டுக்கொள்ளவில்லை, ஆகவே அதற்குமேல் பேச எனக்குத் தகுதியில்லை.

தோல் மருத்துவரிடம் போனது ஒரு சனிக்கிழமை மாலை. முதலில் முடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கடந்த ஆறு மாதத்தில் பெரிய காய்ச்சல் வந்ததா, எடை குறைந்ததா, அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் தலை எப்படி என்று கேட்டார். பிறகு விரல்களுக்கிடையில் ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்தார். இரண்டு முடி மட்டும் கையோடு வந்தது. பிடரியையும் உச்சியையும் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியை வைத்து மாறி மாறிப் பார்த்தார். பிடரியில் எல்லாம் ஒரே தடிமன், உச்சியில் தடித்ததும் மெலிந்ததும் கலந்திருக்கிறது என்று எனக்கும் காட்டினார். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது யாருக்கும் இயல்பு, எண்ணிக்கையைவிட முடி மெலிவதுதான் கவனிக்க வேண்டியது என்றார்.

நான் கேட்பதற்கு முன்பே நிறுத்துவதைப் பற்றிப் பேச்சை எடுத்தவர் அவர் ஒருவர்தான். மினாக்ஸிடில் 5 சதவீதக் கரைசல், காலையும் இரவும் ஒரு மில்லி, காய்ந்த தலையில், எண்ணெய் இல்லாமல். “முதல் சில வாரங்களில் இப்போது கொட்டுவதைவிட அதிகமாகக் கொட்டும். பாதிப் பேர் அங்கேயே பயந்து விட்டுவிடுகிறார்கள். நான்கு மாதம் போகாமல் என்னிடம் வந்து பலன் இல்லை என்று சொல்லாதீர்கள். பலன் வந்த பிறகு நிறுத்தினால், வந்தது சில மாதங்களில் போய்விடும். தொடர முடியும் என்றால் மட்டும் ஆரம்பியுங்கள்.” ஒரு மருந்தை எழுதித் தருகிறவரே ஆரம்பிக்காமல் இருப்பதற்கும் வழி சொல்லித் தந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டேன். 60 மில்லி பாட்டில் சரியாக 30 நாள். எனக்கு மாதம் ஏறத்தாழ 700 ரூபாய். ஆண்டுக்கு 8,400. இருபது ஆண்டு என்றால் 1,68,000, விலை ஏறாமல் இருந்தால். வேறு எவரும் என்னை இந்தக் கணக்கைப் போட வைக்கவில்லை. கிளினிக்கில் சொன்ன தொகைக்குக் கீழேயும் இந்தக் கணக்கை எழுத வேண்டும் என்பதுதான் எனக்கு அப்போது உறைத்தது. முடி உதிர்வில் விலை என்பது முதல் நாள் கொடுப்பது அல்ல, மாதாமாதம் கொடுப்பது. அதைச் சொல்லாத தகவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அரைத் தகவல்.

பெட்டிக்குள் இருந்த காகிதத்தைக் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். கடுகளவு ஆங்கில எழுத்து, ஆனால் மருத்துவர் சொன்னதும் அதுவும் ஒத்துப்போயின. இரத்த அழுத்த மாத்திரையாக 1979இல் வந்தது இந்த மினாக்ஸிடில். சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததால்தான் தலைக்கு வந்தது, 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தன் பக்கத்தில் இந்த மருந்துகள் எல்லோருக்கும் வேலை செய்யாது, பயன்படுத்தும்வரைதான் வேலை செய்யும் என்று இரண்டே வரியில் போட்டிருக்கிறது. தமிழில் அப்படி இரண்டு வரியைத் தேடி நான் நிறைய நேரம் செலவழித்தேன்.

முடி உதிர்வுக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு மாத்திரையைப் பற்றியும் மருத்துவர் சொன்னார். தொடக்க ஆய்வுகளில் பாலியல் தொடர்பான பக்க விளைவு மருந்து சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம். தற்கொலை எண்ணத்தையும் பக்க விளைவாக 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதிசெய்திருக்கிறது. மனச்சோர்வு இருந்ததுண்டா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். நான் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

செலவு என்று தயங்குகிறவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நான் போகவில்லை, அக்கா போனாள். டெங்கு வந்து தேறிய பிறகு சீப்பு சீப்பாகக் கொட்டியது. “மூன்று மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்ததா?” என்பதுதான் அங்கே அவளிடம் கேட்ட முதல் கேள்வி. இரத்தமும் தைராய்டும் பார்த்தார்கள், தானாக வரும் என்று அனுப்பினார்கள், வந்தது. அந்த மாதங்களில் அவள் ஏதாவது ஒரு எண்ணெய் வாங்கியிருந்தால் இன்று அதன் விளம்பரத்தில் பேசிக்கொண்டிருப்பாள்.

எனக்கு ஏழு மாதம் ஆகிறது. அண்ணாச்சி பின்கண்ணாடியைப் பிடித்து, “சீப்பு கொஞ்சம் நிற்கிறது” என்றார், அதற்கு மேல் இல்லை. மருத்துவரும் காகிதமும் சொல்லாத ஒன்றைக் கால்நடை மருத்துவர் சொன்னார்: மினாக்ஸிடில் பூனைக்கு நஞ்சு, தலையணையில் ஒட்டியிருப்பதை நக்கினால்கூட ஆபத்து. எங்கள் வீட்டுப் பூனை ஐந்து வருடமாக என் தலைமாட்டில்தான் உறங்குகிறது. இப்போது இரவு ஒன்பது மணிக்குப் பாட்டிலைத் திறக்கும் முன் கதவைத் தாழிடுகிறேன். அது வெளியே கதவைப் பிறாண்டிக்கொண்டிருக்கும்.