குழையும் சவறும்: வெட்டியதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

நாகர்கோவிலைச் சுற்றி வீட்டுத் தோட்ட வேலை எடுத்துச் செய்கிறோம். மூன்று பேர், ஒரு சுமை ஆட்டோ. செடி வெட்டுவதும் ஓலை இறக்குவதும் அரை நாள் வேலை. வெட்டியதை அகற்றுவதில்தான் மீதி நாளும் டீசலும் போகின்றன. ஒரு நெட்டைத் தென்னை ஆண்டுக்குச் சுமார் 12 ஓலை கழிக்கும். பத்து மூடு தென்னை நிற்கும் விளையில் 120 ஓலை. அதோடு வேலிச்செடிக் குழை (பச்சைத் தழை), புல், மா, பலா, கொல்லாமரச் (முந்திரி) சவறு (இலைக்குப்பை). இவற்றை எரிக்கலாம், ஏற்றி அனுப்பலாம், குவித்து மக்க வைக்கலாம், மண்புழுவுக்குக் கொடுக்கலாம், மரத்தின் மூட்டிலேயே மண்ணை மறைக்கும் மூடாக்காகப் போடலாம். ஐந்தையும் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எரிப்பதற்கும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். சாம்பலில் பொட்டாஷ் உண்டு, நம் செம்மண்ணின் புளிப்பையும் அது கொஞ்சம் குறைக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் தழைச்சத்து முழுவதும் புகையாகப் போய்விடுகிறது. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தோட்டக் கழிவைத் தனியாக, அவரவர் வளாகத்துக்குள்ளேயே வைக்கச் சொல்லின. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று விதித்தது. பக்கத்து வீட்டுத் துவைத்த துணியில் கரி படியும்போது வரும் சண்டை தனி.

ஏற்றி அனுப்புவது வீட்டுக்காரருக்கு வசதி, நமக்கு நட்டம். ஓலையும் குழையும் வண்டியை நிறைக்குமே தவிர எடை இருக்காது. காற்றைச் சுமந்துகொண்டு ஓடுவதற்கு டீசல் போடுகிறோம். போய்ச் சேரும் இடத்தில் அது பிளாஸ்டிக்கோடு கலந்துவிட்டால் உரமாகவும் ஆகாது.

உண்மையான போட்டி குவியலுக்கும் மண்புழுத் தொட்டிக்கும் மூடாக்குக்கும்தான்.

குவியல் எதையும் தின்னும், ஆனால் கலவை சரியாக இருக்கவேண்டும். கரிமமும் தழைச்சத்தும் 25 அல்லது 30-க்கு ஒன்று என்ற விகிதம் நல்லது என்பது புத்தகக் கணக்கு. நாங்கள் இரண்டு கூடை சருகுக்கு ஒரு கூடை புல் என்று போடுகிறோம். புல் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு சாக்கு கற்றுக்கொடுத்தது. சாயங்காலம் வாய் கட்டி வண்டியில் மறந்துவிட்ட புல் சாக்கைக் காலையில் அவிழ்த்தோம். உள்ளே கை வைக்க முடியாத சூடு. ஆவி பறந்தது, நடுப்பகுதி கொழகொழத்துக் கள் புளித்த வாடை அடித்தது. அந்தச் சூட்டைத்தான் குவியலில் நாம் வேலை வாங்குகிறோம். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் குறைந்தது ஒரு மீட்டர் இருந்தால்தான் சூடு நிற்கும். 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நின்றால் களை விதைகள் பெரும்பாலும் செத்துப்போகும். எங்களிடம் வெப்பமானி கிடையாது. நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பார்ப்போம். கையில் பிடிக்க முடியவில்லை என்றால் சரி.

குமரி மாவட்டத்தில் குவியலுக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று மழை. ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் நனைக்கிற ஊரில், திறந்த குவியலிலிருந்து பழுப்பு நீர் ஓடையில் இறங்கினால் உரம் இறங்குகிறது என்று பொருள். முடைந்த ஓலையையே மேலே சாய்த்து மூடிவிடுவோம். மற்றது காண்டாமிருக வண்டு. ஒரு ஆடி மாதம், மூன்று மாதமாகக் கிளறாத குவியல் ஒன்றைப் புரட்டினோம். ஒவ்வொரு மண்வெட்டிக்கும் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு விழுந்தன. அவை வண்டாகிப் பறந்தால் சுற்றிலும் உள்ள தென்னங்குருத்துகளைக் குடையும். விரிந்த ஓலையில் ‘V’ வடிவ வெட்டைப் பார்த்தால் காரணம் எங்கோ பக்கத்து எருக்குழியில் இருக்கிறது. அன்று கோழிகளுக்கு விருந்து. அதன்பிறகு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கிளறுவதும், அந்தப் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்து தெளிப்பதும் வழக்கமாகிவிட்டன. கிளற ஆள் இல்லாதவர் தென்னந்தோப்பு நடுவில் குவியல் போடாமல் இருப்பதே அக்கம்பக்கத்துக்குச் செய்யும் உதவி.

மண்புழு உரம் தரத்தில் குவியலை வெல்லும், அளவில் தோற்கும். காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தென்னை ஓலையைத் தின்னும் யூட்ரிலஸ் இன மண்புழுவை வைத்து முறை வகுத்திருக்கிறது. சில வாரம் வெயிலிலும் மழையிலும் கிடந்து பதமான ஓலையை எடையில் பத்தில் ஒரு பங்கு சாணியோடு சேர்த்தால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும். ஆனால் புழு ஓர் உயிர். பச்சைப் புல்லைக் கொட்டினால் சூட்டில் சாகும், மழை நீர் தேங்கினால் மூச்சு முட்டும், எறும்பும் எலியும் காத்திருக்கும். தொட்டி, கூரை, தினசரி கவனிப்பு எல்லாம் வேண்டும். நாற்றங்கால் வைத்துத் தொட்டிச்செடி விற்பவருக்கு இது லாபம். குப்பையைத் தீர்க்கும் வழியாக மட்டும் நினைத்து இறங்கினால் ஏமாற்றம்.

என் ஓட்டு மூடாக்குக்கு. வண்டி ஏறாமல், எரிக்காமல், கிளறாமல் தீர்கிற வழி அது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, மூட்டைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள தடத்தில் (வட்டப் பாத்தியில்) 100 தொண்டு (தேங்காய் உரிமட்டை) அல்லது 15 காய்ந்த ஓலை போதும். தொண்டை மேலே பரப்பும்போது புடைத்த பக்கம் மேல்நோக்கி இருக்கவேண்டும். குழிந்த பக்கம் மேலே இருந்தால் மழைநீர் தேங்கிக் கொசு வளர்க்கும். குழி வெட்டிப் புதைப்பதென்றால் நேர் எதிர்: குழிந்த பக்கம் மேலே, நீரைப் பிடித்துவைக்க.

இதற்குத் தடை மண்ணோ மழையோ அல்ல, வீட்டுக்காரர் கண். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் ஓலையைத் துண்டுபோட்டுத் தடத்தில் பரப்பிவிட்டுக் கூலிக்கு நின்றேன். “இது என்ன மக்களே, முற்றத்தைச் சுத்தம் செய்யச் சொன்னால் சவறைத் திரும்ப மூட்டில் கொட்டிவிட்டாய்? பாம்பு வராதா?” என்று கேட்டார் அந்த அம்மா. கேள்வி நியாயமானது. அன்று முதல் நடைபாதைக்கும் கிணற்றுக்கும் அருகே பரப்புவதில்லை. மேலே குழையைப் பொடியாக வெட்டித் தூவி, விளிம்பை வட்டமாக ஒதுக்கிவிடுகிறோம். அதே சவறுதான், ஆனால் தோட்டம் போலத் தெரிகிறது.

இடத்துக்கு இடம் கணக்கு மாறும். ஆரல்வாய்மொழிக் காற்றில் வெறும் சருகு மூடாக்கு ஒரு வாரம் தங்காது, மேலே மட்டையைப் பாரம் வைக்கவேண்டும். மேற்கே விளவங்கோடு பக்கம் ஈரம் அதிகம், எதுவும் சீக்கிரம் மக்கும். அங்கே தண்டிலிருந்து ஓர் அடி விட்டுப் பரப்பாவிட்டால் அடி அழுகும். பலாக்குழையை எங்கும் மக்க வைக்கத் தேவையில்லை, ஆடு வளர்ப்பவர் வாங்கிக்கொள்வார். அதில் அரளியோ பச்சை மரச்சீனி (மரவள்ளி) இலையோ கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் ஆட்டைக் கொல்லக்கூடியவை.

எந்த வழியிலும் அடங்காதது தென்னை மட்டையின் அடிப்பகுதி. மக்க நாளாகும், புழு தொடாது, பரப்பினால் கால் தட்டும். முன்பு எல்லா வீட்டு அடுப்பும் அதைத் தின்றது, இப்போது கேஸ் அடுப்பு. கல்யாணச் சமையல்காரர் ஒருவர் மாதம் ஒரு முறை வந்து அள்ளிப் போகிறார். மழைக்காலத்தில் அவரும் வருவதில்லை.